உச்சி தவறிய துளி

வெண்ணாற்றின் தென்கரையில் திருக்கரம்பை என்றோர் ஊர். அந்த ஊரில் சுவர் எழுப்பியும், பூச்சு பூசியும், அடுப்புக் கட்டியும் பிழைத்து வந்தவர் அய்யாறு கொத்தனார். பள்ளிக்கூடம் போனவர் அல்லர். பதிகம் ஒன்றும் முழுதாக வராது. பாடத் தொடங்கினால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுவார். கழுத்தில் உருத்திராட்சம்கூடப் போட்டதில்லை. குனிந்து வேலை செய்யும்போது சாந்தில் புரளுமே என்று பயம். இப்படிப்பட்டவரை அடியார் வரிசையில் எப்படி வைக்கலாம் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். வைத்தவர் கரம்பையப்பர். அவரோடு வழக்காட நம்மால் ஆகுமா?

கோழி கூவும் வேளையில் கொத்தனார் ஆற்றுக்குப் போவார். தாம் முழுகுவதற்கு முன்பு தம் கருவிகளை முழுக்காட்டுவார். முதலில் கரண்டி. கலவையை அள்ளி அள்ளி அதன் இடது ஓரம் தேய்ந்து ஒருபக்கமாக ஒதுங்கியிருக்கும். வேறு யார் கையிலும் அது படியாது. வேலை முடிந்து கழுவாமல் வைத்த கரண்டி எச்சில் தட்டுக்குச் சமம் என்பார். அடுத்து, பூச்சைத் தேய்த்து வழவழப்பாக்கும் மணியாசுக் கட்டை. பிறகு மூலைமட்டம், சுத்தியல், முழக்கோல். கண்ணாடிக்குள் குமிழி ஓடும் ரசமட்டத்தை அவர் மதித்தாரே தவிர, முழுக்க நம்பியதில்லை. “அதுவே ஓடிக்கிட்டுக் கெடக்கு. அதுகிட்டப் போயி நெலயக் கேக்குறதா?” என்பார். எல்லாவற்றுக்கும் கடைசியில், மடியிலிருந்து எடுத்து, இரண்டு கையிலும் ஏந்தி முழுக்காட்டுவது தூக்குக்குண்டை.

நூலில் கட்டித் தொங்கவிடும் சிறிய பித்தளைக் குண்டுதான் அது. கீழே கூராக இருக்கும். சுவர் நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று சொல்வது அதன் வேலை. அதைக் கடையில் வாங்க அவருக்கு வக்கில்லை. அவர் மனைவி செங்கமலம் தம் கல்யாணப் பித்தளைச் செம்பின் அடியில் ஓட்டை விழுந்தபோது, “இதைக் கொண்டுபோயி உருக்கி ஊத்திக்கிங்க. கண்டவன்கிட்ட இரவல் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க” என்று கொடுத்துவிட்டார். கும்பகோணத்தில் பாத்திரம் வார்ப்பவரிடம் கொடுத்துச் செய்தது. செங்கல் தூசு ஏறி ஏறி அதன் நூல் காவி நிறமாகிவிட்டது. எத்தனை முறை அலசினாலும் சிவப்பு கசிந்துகொண்டே இருக்கும், தீராது. “சாமியார் வேட்டி மாதிரி ஒரு நூலு” என்று அம்மையார் கேலி செய்வார்.

கொத்து வேலை செய்பவர்கள் எல்லாரும் குண்டைத் தொங்கவிட்டதும், அது ஆடினால் விரலால் பிடித்து நிறுத்திவிட்டு நேர் பார்ப்பார்கள். அவசரம் அப்படி. அய்யாறு கொத்தனார் மட்டும் குண்டைத் தொடமாட்டார். அது ஆடி, அடங்கி, தானாக நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். உதடு மட்டும் அசையும். ‘சிவாயநம, சிவாயநம.’ அவருடைய பூசை, தியானம், தேவாரம் எல்லாம் அவ்வளவே. ஒரு நாளைக்கு எத்தனை தடவை குண்டு தொங்குகிறதோ அத்தனை காலப் பூசை.

அவருக்கு வேலை கொடுப்பவர் மேஸ்திரி துரைக்கண்ணு. கெட்டவர் அல்லர், பரபரப்புக்காரர். அவருக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

“ஏம்ப்பா அய்யாறு, குண்டு நிக்கிறதுக்குள்ள பொழுதே சாஞ்சிரும் போலருக்கே. புடிச்சு நிறுத்துனா குண்டுக்கு வலிக்கவா போவுது?”

“நான் புடிச்சு நிறுத்துனா அது நான் காட்டுற நேருங்க மேஸ்திரி. தானா நின்னாத்தான் அவரு காட்டுற நேரு.”

“நல்லாக் காட்டுனாரு போ!” என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்வார். சாரத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். கொத்தனாரும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுபடி கையைக் கட்டிக்கொள்வார்.

மாலையில் வேலை விட்டதும் கோயிலுக்குப் போவார். அர்த்தமண்டபத்துக்கு இந்தப் பக்கம், படிக்கு வெளியே, தூணோரமாக நிற்பார். உள்ளே இருட்டில் ஒரு சுடர். சுடருக்குக் கீழே கறுப்பாக ஒரு மினுக்கம். அவ்வளவுதான் தெரியும். ஊரில் எத்தனை வீடுகளுக்குச் சுவர் வைத்திருக்கிறார்! அடுக்களை, படுக்கையறை, பூசையறை என்று எந்த வீட்டிலும் அவர் கால் படாத இடமில்லை. இந்த ஒரு வீட்டில் மட்டும் வாசல்படியோடு சரி. ஆகம விதி அது. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டதில்லை. ஆனால் மனம் விதியைக் கேட்குமா? ‘ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நீ இருக்கிற அறையில நானும் இருந்துட்டு வந்துடணும்’ என்று அது அடித்துக்கொண்டது. அந்த ஏக்கம் பசியைப்போல நாள்தோறும் வேளை தவறாமல் வந்தது. ஆற்ற வழியில்லை.

அப்படியிருக்கையில் கோயிலுக்குத் திருப்பணி வந்தது. பல வருடங்கள் கழித்துக் குடமுழுக்கு. மேஸ்திரி துரைக்கண்ணு வேலையை எடுத்திருந்தார். கருவறையின் உள்ளேயும் வேலை இருக்கிறது என்று கேட்டபோது அய்யாறு கொத்தனாருக்குக் காது அடைத்துப் போயிற்று. அன்று வீட்டுக்கு வந்து சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“உள்ள போகப் போறேன் செங்கமலம்” என்றார்.

“எங்க உள்ள?”

“அவரு வீட்டுக்குள்ள.”

மறுநாள் அம்மையார் புது வேட்டி இல்லையே என்று, இருந்ததில் நல்லதை வெளுத்துக் காயவைத்துக் கொடுத்தார்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கருவறையில் உளியும் சுத்தியும் புழங்க வேண்டுமென்றால், அதற்கு முன் பாலாலயம் என்று ஒன்று செய்வார்கள். சுவாமியின் சாந்நித்தியத்தை மந்திரத்தால் அத்திப் பலகையில் எழுந்தருளச் செய்து, வேறு மண்டபத்தில் வைத்துவிடுவார்கள். வேலை முடிந்து குடமுழுக்கு ஆகும்வரை பூசையெல்லாம் அங்கேதான். லிங்கத் திருமேனி உள்ளேயே இருக்கும்; ஆனால் அதில் சுவாமி இல்லை என்பது கணக்கு. அதனால்தான் வேலையாட்கள் உள்ளே போகலாம்.

ஞானஸ்கந்த குருக்கள் வெள்ளை மனசுக்காரர். படியில் தயங்கி நின்ற கொத்தனாரைப் பார்த்து, தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

“என்ன கொத்தனாரே, நின்னுட்டீர்? பயப்படாம போம். பாலாலயம் ஆயிடுத்து. சுவாமி இப்போ அங்கே மண்டபத்துல இருக்கார். உள்ளே இருக்கறது வெறும் கல்லுதான்.”

ஐயோ, அந்தச் சொல்! உயரத்தில் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டதுபோல ஆயிற்று. கொத்தனார் உள்ளே போனார். வாழ்நாளெல்லாம் தூணோரத்தில் நின்று எட்டிப் பார்த்த இடம். கை நீட்டினால் தொடும் தூரத்தில் கரம்பையப்பர். ஆனால் அப்பர் இல்லை.

“நான் வர்ற அன்னைக்குத்தானா நீ வெளிய கெளம்பிப் போவணும்?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். பதில் சொல்ல உள்ளே ஆள் இல்லையே.

ஆனாலும் அவர் அந்த அறையில் சும்மா புழங்கவில்லை. லிங்கத்துக்கு முதுகைக் காட்டவில்லை. சுண்ணாம்புத் துளி தெறிக்கக்கூடாதென்று தம் தலைத்துண்டை அவிழ்த்துத் திருமேனியை மூடினார். மற்றவர்கள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வந்தபோது, “வெளிய துப்பிட்டு வாங்கப்பா” என்று கையெடுத்துக் கும்பிட்டார். “சாமியே இல்லேங்கிறாங்க, இவரு யாருக்குக் காவலு?” என்று அவர்கள் சிரித்தார்கள்.

அந்த வேலையில் முக்கியமானது ஒன்று. கத்திரி வெயில் காலத்தில் சுவாமியின் உச்சியில் சொட்டுச் சொட்டாகக் குளிர்நீர் விழும்படி, அடியில் துளையிட்ட தாராபாத்திரத்தை மேலே கட்டித் தொங்கவிடுவார்கள். அதற்கான பழைய இரும்பு வளையம் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. கூரைக் கல்லில் புது வளையம் பதிக்க வேண்டும். லிங்கத்தின் உச்சிக்கு நேர் மேலே, நூலிழை பிசகாமல் புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளியை வைக்கும் வேலை அய்யாறு கொத்தனாருக்கு வந்தது.

சாரத்தில் ஏறி மல்லாந்து, கூரைக் கல்லோடு நூலை அழுத்திப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டார். குண்டின் கூர் உச்சிக்கு மேலே ஆடியது. அடங்கட்டும் என்று காத்திருந்தார். உதடு அசைந்தது. குண்டு அடங்கவில்லை. காற்றில்லாத கருவறை, ஒரு கதவு, அதையும் சாத்தியிருக்கிறார்கள். அப்புறம் ஏன் ஆடுகிறது? நூலைப் பிடித்த அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ‘இங்க வரைக்கும் வந்துட்டேன், நீ இல்லியே, நீ இல்லியே’ என்று உள்ளே ஒரு புலம்பல். அந்த நடுக்கம் நூல்வழியே இறங்கிக் குண்டை ஆட்டியது. கண்ணில் நீர் கட்டி, குண்டு ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது.

கதவுக்கு வெளியே மேஸ்திரி துடித்தார். வளையத்தைப் பதிக்க ஈயம் அடுப்பில் உருகிக் கொதித்துக்கொண்டிருந்தது.

“அய்யாறு! ஈயம் காஞ்சு கருகுது. என்னய்யா பண்ற மேல?”

“இந்தா நின்னுரும் மேஸ்திரி. கொஞ்சம் பொறுங்க.”

“நீயும் ஒன் குண்டும்!” என்று சொல்லிக்கொண்டே துரைக்கண்ணு உள்ளே வந்தார். ஆடிய குண்டைக் கையால் பிடித்து, உச்சிக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார். “இந்தா, நேரா இருக்கு. வையி புள்ளிய.”

கொத்தனார் வைத்துவிட்டார். குண்டைக் கையால் பிடித்து இழுத்தால் நூல் சாயும். சாய்ந்த நூலின் மேல்முனையில் வைத்த புள்ளி நேரில் இருக்காது. இது தெரியாத கொத்தனார் உண்டா? வாழ்நாளில் ஒரு மாட்டுக் கொட்டகைச் சுவருக்குக்கூட அவர் அந்தக் காரியம் செய்ததில்லை. ஆனால் அந்த ஒரு நொடியில் கண் நிறைய நீரும் மனம் நிறைய ஏக்கமுமாக இருந்தவர், மேஸ்திரியின் கை காட்டியபடி செய்துவிட்டார். துளையிட்டார்கள், ஈயம் ஊற்றினார்கள், வளையம் இறுகிவிட்டது.

தை மாதத்தில் குடமுழுக்கு நடந்தது. அத்திப் பலகையிலிருந்த சுவாமி திரும்பவும் தம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கொத்தனார் தூணோரத்துக்கு வந்து சேர்ந்தார்.

சித்திரை பிறந்து கத்திரியும் தொடங்கியது. தாராபாத்திரத்தை வளையத்தில் கட்டி நீர் நிறைத்தார்கள். ஊரார் நின்று பார்த்தார்கள். முதல் துளி இறங்கியது. உச்சியில் விழவில்லை. இரண்டு விரற்கடை தள்ளி, ஆவுடையார்மேல் பட்டுத் தெறித்தது. இரண்டாவதும் அங்கேதான். குருக்கள் பாத்திரத்தை ஒரு கயிற்றால் பக்கவாட்டில் இழுத்துக் கட்டிப் பார்த்தார். அது சாய்ந்து, நீர் வேறெங்கோ வழிந்தது.

“அய்யாறு வெச்ச புள்ளிங்க அது” என்று மேஸ்திரி எல்லார் முன்னாலும் சொன்னார். குண்டைப் பிடித்த தம் கையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

கொத்தனார் மறுக்கவில்லை. “ஆமாங்க. வெச்சது நாந்தான்” என்றார். புள்ளி வைத்த கை அவருடையதுதானே. துரைக்கண்ணுவுக்கு ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும். சட்டென்று கூட்டத்தை விட்டு நழுவிவிட்டார்.

பிறகு கொத்தனார் குருக்களைத் தனியே பார்த்து, “சாமி, ஒரு நாழி உள்ள விட்டீங்கன்னா மாத்திப் பதிச்சிருவேன்” என்று கெஞ்சினார்.

“எப்படி ஓய் முடியும்? குடமுழுக்கு ஆயிடுத்து. சுவாமி இருக்கறபோது உளி படலாமா? அடுத்த பாலாலயத்துக்குத்தான். பன்னிரண்டு வருஷம் ஆகும்.” குருக்களுக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது. “வருத்தப்படாதீர். நான்தான் ரெண்டு வேளையும் அபிஷேகம் பண்றேனே.”

சரிதான். சுவாமிக்கு அபிஷேகம் குறைவில்லை. ஆனால் உச்சிப்பொழுதின் கொதிப்பில், யாருமில்லாத நேரத்தில், தலையில் ஒரு துளி விழாமல் பக்கத்தில் விழுந்துகொண்டிருக்கிறதே! அந்தச் சத்தம் கொத்தனாருக்கு வீட்டிலும் கேட்டது, வேலையிலும் கேட்டது. சொட்டு. தள்ளி. சொட்டு. தள்ளி. ‘பக்கத்துல வரணும்னு ஏங்குனேன். வந்து இந்த வேலையப் பாத்துட்டுப் போயிருக்கேன்’ என்று தம்மையே நொந்துகொண்டார்.

ஊர் வாயைக் கேட்க வேண்டுமா? “சாமி தலைக்கே நேர் பாக்கத் தெரியாதவன், நம்ம வீட்டுச் செவுத்துக்கு என்னத்தப் பாப்பான்?” என்றார்கள். மேஸ்திரியும் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். சாரத்தில் நின்றவருக்கு அடுப்புக் கட்டுவதும், கோழிக் கூண்டு பூசுவதும்தான் கிடைத்தன. அதிலும் அவர் குண்டைத் தொங்கவிட்டு, அடங்கும்வரை காத்திருந்தார். கோழிக் கூண்டுக்கு எதற்கு நேர் என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வீட்டில் ஒரு வேளை உலை வைப்பதே பாடாகிவிட்டது. செங்கமலம் அம்மையார் நாற்று நடவுக்குப் போய்க் குடும்பத்தை இழுத்துப் பிடித்தார். “நாலு பேருக்கிட்ட நடந்ததச் சொல்லுங்களேன். அந்த மேஸ்திரி புடிச்சு நிறுத்துனதச் சொன்னா என்ன?” என்று ஆற்றாமையோடு கேட்பார்.

“அவரு புடிச்சாரு. நான் ஏன் வெச்சேன்?” என்பார் கொத்தனார்.

அடுத்த ஆண்டு கத்திரி வந்தது. அந்த ஆண்டு மழையும் பொய்த்திருந்தது. ஆற்றில் வெறும் மணல். கத்திரி தொடங்கிய அன்று கொத்தனார் கொல்லையில் மூன்று மூங்கிலை முக்காலியாக நட்டார். உடைந்துபோன அம்மியின் குழவி ஒன்று மூலையில் கிடந்தது. அதைக் கழுவி, நட்டுக்குத்தாக மண்ணில் பதித்தார். மேலே ஒரு சிறு மண்கலயத்தைக் கட்டி, அதன் அடியில் துளை போட்டு, அந்தத் துளை வழியாகத் தூக்குக்குண்டின் காவி நூலைத் தொங்கவிட்டார். கலயத்தில் ஊற்றிய நீர் நூலைப் பிடித்துக்கொண்டு இறங்கி, குண்டின் கூரில் திரண்டு, குழவியின் உச்சியில் சொட்டியது. இம்முறை கை நடுங்கவில்லை. குண்டு தானாக நின்ற பிறகே நூலை முடிந்தார். இழை பிசகவில்லை.

“இது என்ன கூத்து?” என்றார் அம்மையார்.

“பன்னெண்டு வருசம் கழிச்சுத்தான் உள்ள போவ முடியும். அதுவரைக்கும் அவரு தலை காயணுமா? இங்க இருந்து ஊத்துறேன். சேந்தா சேரட்டும்.”

உச்சிவேளை ஆனதும் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவந்து கலயத்தை நிரப்பினார். அக்கம்பக்கத்தார் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, கொத்தனாருக்கு மூளை கலங்கிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பேசியது குருக்கள் காதுவரை போயிற்று. பாவம் என்று அவர் பெருமூச்சு விட்டதோடு சரி.

நாளாக நாளாகக் குடிநீருக்கே திண்டாட்டம். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, அகப்பையால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிறைப்பதற்குள் அம்மையாரின் முதுகு ஒடிந்துவிடும்.

“குடிக்கத் தண்ணி இல்ல. இவரு குழவிக்கு ஊத்துறாரு!” என்று ஒருநாள் வெடித்துவிட்டார்.

கொத்தனார் தலை குனிந்தார். “என் பங்க மட்டும் குடு செங்கமலம். நான் குடிக்கிற செம்ப அவருக்கு ஊத்திக்கிறேன்.”

“அப்ப நீங்க?”

“எனக்கு என்ன, உள்ளங்கையளவு நனச்சிக்கிட்டாப் போதும்.”

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றிலிருந்து தம் பங்கிலும் கொஞ்சம் அந்தச் செம்பில் ஊற்றி வைத்தார். சொல்லிக்கொள்ளவில்லை. இந்த அம்மையாரை மட்டும் சாமானியப்பட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

கத்திரியின் உக்கிரம் ஏறிய ஒரு நாள். ஊற்றிலும் நீர் வற்றி, ஒரு செம்புக்கு மேல் தேறவில்லை. கொத்தனார் நாக்கை நனைத்துக்கொள்ளக்கூட இல்லை. அப்படியே கலயத்தில் ஊற்றினார். நூல் நனைந்தது. குண்டின் கூரில் துளி திரண்டது, விழுந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உதடு அசைந்தது. உதடும் வெடித்திருந்தது.

சற்று நேரம் கழித்துச் செங்கமலம் அம்மையார் வந்து நின்றார். குனிந்து பார்த்தார். பிறகு குழவியைத் தொட்டுப் பார்த்தார்.

“ஏங்க, இம்புட்டு நேரமாச் சொட்டுது. கல்லு நனையவே இல்லியே!”

கொத்தனார் கண்ணைத் திறந்தார். மெய்தான். துளி திரளுகிறது, குண்டின் முனையை விட்டுப் பிரிகிறது; குழவியின் உச்சி காய்ந்து கிடக்கிறது. சுற்றியிருந்த மண்ணிலும் ஈரமில்லை. கையால் தடவினார், அனல்போலச் சுட்டது. கலயத்தை எட்டிப் பார்த்தார். நீர் பாதிக்குமேல் குறைந்திருந்தது.

அவ்வளவு நாள் மேஸ்திரியின் பேச்சையும், ஊர்க் கேலியையும், பட்டினியையும் தாங்கிய மனிதர் அந்தக் கொல்லையில் இடிந்து உட்கார்ந்துவிட்டார்.

“வேண்டாமா?” என்று கேட்டார். “என் கையால வர்ற தண்ணி ஒனக்கு வேண்டாமா? ஒருதரம் நேரு தப்ப விட்டேன், அதுக்காகக் கல்லுகூட வாங்கிக்காதா? உள்ள வந்தா நீ இல்ல. வெளிய இருந்து ஊத்துனா ஏத்துக்க மாட்டேங்கிற. நான் வேற எங்கதான் போவேன்? சொல்லு. எங்க போவேன்?”

அம்மையார் அவர் அழுது அன்றுதான் பார்த்தார். வானத்தைப் பார்த்து, “இரக்கமே கெடையாதா ஒனக்கு? என்ன கல்லு நெஞ்சு!” என்று கரம்பையப்பரைத் திட்டினார். திட்டலாம், அவருக்கு அந்த உரிமை இருந்தது.

அப்போது கொல்லைப் படல் தள்ளப்பட்டது. ஞானஸ்கந்த குருக்கள் நின்றுகொண்டிருந்தார். காலில் செருப்பில்லை. அந்தக் கொதிக்கும் மண்ணில் கோயிலிலிருந்து ஓடியே வந்திருக்கிறார். மூச்சு இரைத்தது. கையில் ஒரு வெள்ளைத் துண்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

“கொத்தனாரே...” என்றார். முக்காலியையும், கலயத்தையும், நூலையும் பார்த்தார். நூலருகே வந்து அதை விரலால் தொட்டு, விரலில் ஒட்டிய சிவப்பைப் பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“சாமி, என்னங்க சாமி, தரை சுடுது, எந்திரிங்க” என்று கொத்தனார் பதறினார்.

“கோயில் கிணறு வத்திப்போயிடுத்து ஓய். நாலு நாளா தாராபாத்திரம் காலியாத் தொங்கறது. இன்னிக்கு உச்சிக்காலத்துக்கு ஒரு உத்தரணித் தண்ணியோட போய்க் கதவைத் திறக்கறேன். சுவாமி தலை நனைஞ்சிருக்கு. பாத்திரத்தைப் பார்த்தேன், எலும்பாக் காஞ்சு கிடக்கு. கூரையைத் தடவினேன், பொட்டு ஈரமில்லை. பார்த்துண்டே நிக்கறேன், எங்கேர்ந்தோ ஒரு சொட்டு வந்து விழறது. அப்புறம் இன்னொண்ணு.” குருக்களின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை. “இந்தத் துண்டால ஒத்தி எடுத்தேன். பாரும்.”

துண்டை விரித்தார். நடுவில் வட்டமாக ஓர் ஈரம். ஈரத்தில் இளஞ்சிவப்பாகச் செங்கல் தூசின் நிறம்.

“கரம்பையில இந்தச் சிவப்பு வேறெந்த நூல்ல இருக்கு? நீர் கொல்லையில குண்டு கட்டியிருக்கறதா ஊர்ல சொன்னது அப்போதான் ஞாபகம் வந்தது. இது உம்ம தண்ணி ஓய். சுவாமி இருக்கச்சேயே உள்ளே போயிருக்கு. நாங்க மந்திரம் சொல்லி எழுந்தருளப் பண்ணின இடத்துக்கு, நீர் இங்கே உட்கார்ந்துண்டே வந்துட்டீர்.”

செங்கமலம் அம்மையார் குழவியைப் பார்த்தார். காய்ந்த கல். அதன்மேல் இன்னொரு துளி திரண்டு, பிரிந்து, காணாமல் போயிற்று. அம்மையாரின் கை தன்னால் குவிந்தது.

அய்யாறு கொத்தனார் என்ன செய்தார் தெரியுமா? ஆனந்தக் கூத்தாடவில்லை. ‘என்னைப் பார்த்தீர்களா’ என்று வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பவில்லை. துண்டில் இருந்த அந்தச் சிவப்பு வட்டத்தைத் தொடப் போனவர், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். குருக்களின் முகத்தைப் பார்த்தார். ஓர் ஆண்டாக நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக்கொண்டிருந்த ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

“நேரா விழுந்துச்சா சாமி?”

குருக்கள் அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

“உச்சியில ஓய். நட்ட நடு உச்சியில.”

கொத்தனார் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் இருந்த அத்தனை வருத்தமும் மெல்ல மெல்ல அடங்கி நின்றது.

அன்று மாலையே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மேஸ்திரி துரைக்கண்ணு கோயில் வாசலில் நாலு பேர் அறிய, “குண்டப் புடிச்சது என் கைதான்யா” என்று சொல்லி அழுதார். கொத்தனார் அவர் தோளைத் தட்டி, “போவட்டும் மேஸ்திரி, ஈயம் காஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சுல்ல” என்றார். அதன்பின் அவர் கேலியும் கேட்கவில்லை, பெருமையும் கேட்கவில்லை. வேலை கிடைத்த இடத்தில் சுவர் வைத்தார். கத்திரிதோறும் கொல்லையில் கலயம் கட்டினார். மாலையில் அதே தூணோரத்தில், படிக்கு வெளியே நின்றார். இப்போது எட்டிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார்.

அடுத்த திருப்பணி வந்தபோது வளையத்தை மாற்றலாமா என்று ஊரார் கேட்டார்கள். குருக்கள் வேண்டாம் என்றுவிட்டார். அது அப்படியே இருக்கிறது. பாத்திரத்துத் துளி இரண்டு விரற்கடை தள்ளித்தான் விழுகிறது. கரம்பையப்பருக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

உளி படக்கூடாத இடத்தில் தம் அன்பைப் பதித்த அய்யாறு கொத்தனாரின் தூக்குக்குண்டுக்கும், அதற்குத் தம் கல்யாணச் செம்பைத் தந்த செங்கமலம் அம்மையாரின் கைக்கும் நாம் தலை வணங்குவோம்.